ஆக்சலாட்டலும் பூசண நோயும்: கவனிப்பாரற்ற வளர்ப்புயிரைக் காக்கும் முறை

மெக்சிகோ நாட்டின் தலைநகரின் தென்பகுதியில், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் சோச்சிமில்கோ என்னும் ஏரிப்பகுதி உள்ளது. அங்குள்ள குளிர்ந்த கால்வாய்களே ஆக்சலாட்டல் என்னும் உயிரினத்தின் தாயகமாகும். இது தவளையும் தேரையும் அடங்கிய நீர்நில வாழ்வன வகுப்பைச் சேர்ந்தது. வாலுடைய சாலமாண்டர் இனத்தது. சாலமாண்டர்களுட் பல, இளமையில் நீரில் வாழ்ந்து, பின்னர் உருமாற்றமடைந்து, செவுள்களை இழந்து நிலத்திற்கு ஏறுகின்றன. ஆக்சலாட்டலோ இளம்பருவச் செவுள்களுடனேயே முதிர்ச்சியடைந்து, இனம் பெருக்கி, தன் வாழ்நாளை நீரிலேயே கழிக்கிறது. தலையின் இருமருங்கிலும் மும்மூன்றாக, இறகு போல விரிந்து நிற்கும் செவுள்களே இதனை அடையாளம் காட்டுவன.

1864-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து இயற்கை வரலாற்றுக் காட்சிச்சாலையில் அகுஸ்து துமேரில் என்னும் அறிஞரிடம் ஆறு ஆக்சலாட்டல்கள் ஒப்படைக்கப்பட்டன. அவற்றின் வழிவந்தவை ஐரோப்பிய ஆய்வுக்கூடங்கள் பலவற்றிற்கும் பரவின. இழந்த காலையும் வாலையும் மீண்டும் வளர்த்துக் கொள்ளும் இதன் ஆற்றல் இன்றளவும் ஆராயப்பட்டு வருகிறது. எனினும், தாயகத்தில் இதன் நிலை இரங்கத்தக்கது. 1998-இல் சோச்சிமில்கோவில் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6,000 என மதிப்பிடப்பட்ட தொகை, 2008-இல் 100 ஆகவும், 2014-இல் 36 ஆகவும் குறைந்தது. நகரக் கழிவினால் நீர் மாசுற்றதும், வேற்றிடத்துக் கெண்டையும் திலேப்பியாவும் அங்குக் கொண்டுவந்து விடப்பட்டதும் இதற்குரிய முதன்மையான காரணங்களாகும்.

ஆகவே, இன்று உலகில் உயிருடன் இருக்கும் ஆக்சலாட்டல்களுள் மிகப் பெரும்பாலானவை மனிதர் அமைத்த தொட்டிகளில் வாழ்பவையே. இந்திய நகரங்களிலும் இவற்றை வளர்ப்போர் உளர். ஆர்வத்தினால் வாங்கப்பட்ட உயிர், நாளடைவில் கவனிப்பாரற்றுப் போவதுண்டு. கோடை விடுமுறையில் தொட்டி நீர் மாற்றப்படாமல் கிடக்கும், உண்ணாது விட்ட இரை அடியில் அழுகும், நீர் வெப்பமடையும். சில நாட்களில் செவுள்களின் மீது வெண்பஞ்சு போன்ற திரள் தோன்றும். அதனைக் கண்டவுடன் வளர்ப்போர் கேட்கும் முதற்கேள்வி, 'என்ன மருந்து இடுவது?' என்பதாகும். அஃது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூசணம் பற்றும் முறை

வெண்பஞ்சு போன்ற இவ்வளர்ச்சி பெரும்பாலும் சாப்ரோலெக்னியா என்னும் நீர்ப்பூசணத்தினால் உண்டாவது. வழக்கில் பூசணம் எனப்பட்டாலும், இது மெய்ப்பூசணங்களினின்று வேறுபட்டது. பழுப்புநிறப் பாசிகளுக்கு நெருங்கிய உறவுடையது. இதன் உயிரணுச் சுவரில் செல்லுலோசு அமைந்துள்ளது. மெய்ப்பூசணங்களைக் கொல்லும் மருந்துகள் சில இதனிடம் பயன்படாமைக்கு இவ்வேறுபாடு ஒரு காரணமாகும்.

இதன் நுண்வித்துகள் ஈரிழைகளின் உதவியால் நீரில் நீந்திச் செல்கின்றன. இயற்கையான நன்னீரில் எங்கும் பரவியிருக்கின்றன. இதனை மாணவர்க்கு எளிதிற் காட்டலாம். கண்ணாடிக் கிண்ணத்தில் குளத்து நீரை எடுத்து, அதில் இறந்த ஈ ஒன்றை இட்டு வைத்தால், சில நாட்களில் அதன் உடலைச் சுற்றி வெண்ணிற இழைகள் கதிர் போல் வளர்ந்து நிற்பதைக் காணலாம். அதே குளத்தில் நலமுடன் திரியும் மீனின் மீதோ தவளையின் மீதோ அவ்விழைகள் வளர்வதில்லை. உயிருள்ள தோலின் மீதுள்ள வழுவழுப்பான சளிப்படலமும், உடலின் எதிர்ப்பாற்றலும் வித்துகளைத் தடுத்து விடுகின்றன. தோல் சிதைந்த இடத்திலும், திசு நலிந்த இடத்திலுமே பூசணம் வேரூன்றுகிறது.

எனவே, பூசணம் நோயின் தொடக்கமன்று. முன்னரே ஏற்பட்டுவிட்ட கேட்டின் அறிகுறியே ஆகும். கவனிப்பற்ற தொட்டியில் அக்கேடு இருவகையாக நேர்கிறது. முதலாவது, உயிரின் கழிவிலிருந்தும் அழுகிய இரையிலிருந்தும் தோன்றும் அம்மோனியா செவுள்களையும் தோலையும் எரிக்கிறது. இரண்டாவது, வெப்பம் மிகுகிறது. ஆக்சலாட்டலுக்கு ஏற்றது 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரையிலான நீர். 24 டிகிரிக்கு மேற்பட்டால் அது துன்புறும். நம் நாட்டுச் சமவெளி ஊர்களில் கோடைக்காலத்துத் தொட்டி நீர் 30 டிகிரியையும் எட்டுவதுண்டு. வெப்பம் ஏற ஏற நீரிற் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைகிறது. அம்மோனியாவின் நச்சுத்தன்மையோ கூடுகிறது.

அறிகுறிகள்

செவுள் நுனிகளிலும், விரல்களிலும், காயங்களிலும் பஞ்சு போன்ற வெண்மையான அல்லது சாம்பல் நிறமான திரள் காணப்படும். இதற்கு முன்னரே சில குறிகள் தோன்றுவதை உற்றுநோக்குவோர் அறியலாம். செவுள்கள் முன்புறமாக வளையும். வால் நுனி சுருளும். செவுளின் மெல்லிய இழைகள் உதிர்ந்து தண்டு மட்டும் எஞ்சும். இரையில் நாட்டம் குறையும். இக்குறிகளைக் கண்ட நிலையிலேயே நீரைச் சீர்செய்தால், பூசணம் பற்றாமலேயே தடுத்து விடலாம்.

வெண்திரள் யாவும் பூசணமன்று. பாக்டீரியாக்களுள் ஒருவகை இதனையொத்த தோற்றத்தைத் தரும். தோலில் செந்நிறக் கோடுகள் படர்ந்திருந்தாலும், உடல் வீங்கியிருந்தாலும், புண் ஆழ்ந்து பரவினாலும், வீட்டு மருத்துவத்தில் காலங்கடத்தாது கால்நடை மருத்துவரை அணுக வேண்டும்.

முதற்கடமை: நீரை மாற்றுதல்

நோயுற்ற உயிரை அழுக்கடைந்த தொட்டியினின்று உடனே அகற்றி, சோப்புப் படாத ஒரு தூய பிளாஸ்டிக் தொட்டியில் இட வேண்டும். வலைகள் செவுளைக் கிழிக்குமாதலின், நீருடன் சேர்த்து ஒரு கிண்ணத்தில் முகந்தெடுப்பது நலம். உடல் நன்கு மூழ்குமளவு நீர் இருத்தல் வேண்டும். மணலோ கூழாங்கல்லோ இடலாகாது. ஒளி மிகாத, குளிர்ந்த இடத்தில் தொட்டியை வைத்து, மூடியில் காற்றுத் துளைகள் அமைக்க வேண்டும்.

இத்தொட்டியின் நீர் முழுவதையும் நாள்தோறும் மாற்ற வேண்டும். குழாய்நீரில் உள்ள குளோரின் தோலுக்கும் செவுளுக்கும் தீங்கிழைப்பது. நீரை வாயகன்ற பாத்திரத்தில் 24 மணி நேரம் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் நீங்கிவிடும். குளோரமின் கலந்த நீராயின் இம்முறை போதாது. அத்தகைய இடங்களில் மீன்தொட்டிப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும் குளோரின், குளோரமின் நீக்கியைப் பயன்படுத்தலாம். புதுநீரின் வெப்பநிலை பழைய நீரினதை ஒத்திருத்தல் வேண்டும்.

வெப்பமான நீரைக் குளிர்விக்கையில் படிப்படியாகவே செய்தல் வேண்டும். மூடிய புட்டியில் உறைந்த பனிக்கட்டியை நீரில் மிதக்க விடலாம். நீர்ப்பரப்பின் மீது மின்விசிறிக் காற்றைப் படச் செய்யலாம். வெப்பமானி இன்றி இதனைச் செய்ய முற்படலாகாது. கடுமையான நோயில், தொட்டியைக் குளிர்ப்பெட்டியில் 5 முதல் 8 டிகிரி வரையில் சில நாட்கள் வைத்திருக்கும் வழக்கமும் உண்டு. குளிரில் பூசணத்தின் வளர்ச்சி தளரும். எனினும், முன்னரே குளிர்வித்த நீரைக் கொண்டு அங்கும் நாள்தோறும் நீர் மாற்ற வேண்டுமாதலின், பழக்கமுடையோரின் அறிவுரையின் பேரிலேயே இதனைக் கைக்கொள்ள வேண்டும்.

இலேசாகப் பூசணம் பற்றிய உயிர்கள் இவ்வளவில் குணமடைவதும் உண்டு.

உப்புநீர்க் குளியல்

தூய குளிர்நீரில் வைத்தும் பூசணம் நீங்காவிடில், உப்புநீர்க் குளியலை மேற்கொள்ளலாம். அயோடினும், கட்டிபடாமைக்குச் சேர்க்கும் பொருள்களும் கலவாத சோடியம் குளோரைடே இதற்கு ஏற்றது. முறை வருமாறு:

1. தனிக் கிண்ணத்தில் ஒரு லிட்டர் நீருக்கு 10 கிராம், அதாவது ஏறத்தாழ இரண்டு தேக்கரண்டி உப்பை முற்றும் கரைக்க வேண்டும். நீரின் வெப்பநிலை தொட்டியினதாகவே இருக்கட்டும்.

2. உயிரை அதில் 10 நிமிடம் விட வேண்டும். எக்காரணத்தாலும் 15 நிமிடத்திற்கு மேற்படலாகாது. மேற்படின் செவுளும் தோலும் புண்படும். குளியல் முடியுமட்டும் அருகிலிருந்து கவனிக்க வேண்டும். உயிர் கடுமையாகத் துள்ளினாலோ துவண்டாலோ உடனே எடுத்துவிட வேண்டும்.

3. பின்னர் புதுநீர் நிரப்பிய தொட்டியில் விட வேண்டும். நாளொன்றுக்கு ஒருமுறை அல்லது இருமுறை, சில நாட்கள் வரை இதனைச் செய்யலாம்.

பூசணத் திரள் சுருங்கித் தானாகவே உதிரும். இடுக்கியாலோ பஞ்சாலோ அதனைப் பறிக்க முற்படலாகாது. பறித்தால் நலமுள்ள திசுவும் உடன் கிழியும். அப்புண்ணே அடுத்த பூசணத்திற்கு இடமாகும்.

ஆய்வுக்கூடங்களில் ஓல்ட்ஃபிரெட்டர் கரைசல் என்னும் உப்புநீர் வழங்கி வருகிறது. ஒரு லிட்டர் நீரில் சோடியம் குளோரைடு 3.46 கிராம், சோடியம் பைகார்பனேட்டு 0.2 கிராம், கால்சியம் குளோரைடு 0.1 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.05 கிராம் ஆகியவை இதில் அடங்கும். குளியலுக்குரிய உப்புநீரைக் காட்டிலும் செறிவு குறைந்ததாகையால், நோயுற்ற உயிரை இதில் நெடுநேரம் வைத்திருக்க இயலும்.

பிற மருந்துகளும் எச்சரிக்கையும்

மெத்திலீன் நீலம் என்னும் சாயமும் நீர்ப்பூசணத்திற்கு எதிராகப் பயன்படுகிறது. மீன்களுக்கெனக் குறிக்கப்பட்ட அளவிற் பாதியே ஆக்சலாட்டலுக்கு இடுவது வழக்கம். இது நீர்வடிகட்டியில் வாழும் நன்மை தரும் பாக்டீரியாவையும் கொல்லுமாதலின், தனித் தொட்டியில் மட்டுமே பயன்படுத்தத் தக்கது. உப்பையும் இதனையும் ஒருசேர இடலாகாது.

நாட்டு வாதுமையின் உலர்ந்த இலையை நீரில் ஊறவிடும் பழக்கம் மீன் வளர்ப்போரிடையே உண்டு. அதிலுள்ள துவர்ப்பொருள் பூசணத்தை ஓரளவு தடுக்கும். ஆயின், துணையாகுமேயன்றித் தனி மருந்தாகாது.

மாலகைட்டுப் பச்சையும் செம்பு உப்புகளும் அடங்கிய மீன்மருந்துகளை அறவே விலக்க வேண்டும். மீனின் உடலைச் செதில் காக்கிறது. ஆக்சலாட்டலுக்கோ செதில் இல்லை. அதன் மெல்லிய தோல் நீரிற் கரைந்துள்ள பொருளை எளிதில் உட்கொள்வது. மீனுக்கு மருந்தாவது இதற்கு நஞ்சாதல் கூடும்.

தொட்டியைச் சீரமைத்தல்

குணமடைந்த உயிரைப் பழைய நிலையிலுள்ள தொட்டியிலேயே மீண்டும் விடுவோமாயின், பூசணமும் மீண்டும் வரும். தொட்டியில் வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இவை போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகலாம். அதுவரை நோயுற்றிருந்த உயிரைத் தனித் தொட்டியிலேயே வைத்து, நாள்தோறும் நீர் மாற்றி வருவது நன்று. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சிறிதுமில்லை என்பதைச் சோதனைக் கரைசலால் உறுதி செய்த பின்னரே மாற்ற வேண்டும். வளர்ந்த உயிருக்கு இரண்டு அல்லது மூன்று நாட்களுக்கொருமுறை மண்புழு அளித்தாற் போதும். எஞ்சிய இரையை அன்றே அகற்றிவிட வேண்டும்.

நீர் சீரான பின், உதிர்ந்த செவுளிழைகள் சில வாரங்களில் மீண்டும் தளிர்க்கத் தொடங்கும். இவ்வளர்ச்சியை வாரந்தோறும் வரைந்து வைக்குமாறு மாணவரைப் பழக்கலாம். உயிரியல் பாடத்திற்கு அதனினும் சிறந்த சான்று தேவையில்லை.

களப்பணியாளரும் ஆசிரியரும் நினைவிற் கொள்ளத்தக்கவை

பேண இயலாதோர் இவ்வுயிரை ஏரியிலோ கிணற்றிலோ விட்டுவிட முற்படுவதுண்டு. இது பெருந்தவறு. சமவெளியின் வெப்பநீரில் அது துன்புற்று மடியும். அன்றியும், உலகின் பல பகுதிகளில் தவளைகளை அழித்துள்ள கைட்ரிட் என்னும் தோற்பூசணத்தை ஆக்சலாட்டல்கள், நோய்க்குறி ஏதுமின்றியே, தம் உடலில் சுமந்திருத்தல் கூடும். நோயுற்ற உயிர் இருந்த நீரையும் இக்காரணத்தால் ஓடையிலோ குளத்திலோ ஊற்றலாகாது. சலவைத்தூள் கலந்து சிறிது நேரம் வைத்திருந்து, கழிவுநீர்க் குழாயில் விட வேண்டும். தொட்ட கைகளையும் கலன்களையும் கழுவி உலர்த்த வேண்டும்.

ஆக்சலாட்டலின் பன்னாட்டு வணிகம் 'சைட்டிஸ்' உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பின்கீழ்க் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. நம் நாட்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்கு 2022-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அவ்வுடன்படிக்கையில் அடங்கிய உயிர்களை வைத்திருப்போர் அதனை அறிவித்துப் பதிவு செய்தல் வேண்டும். வளர்ப்போர் பலர் இதனை அறியார். அறிவுறுத்துவது களப்பணியாளரின் கடமையாகும்.

பள்ளித் தொட்டிகளைப் பொறுத்தவரை, விடுமுறை தொடங்குமுன் நீர் மாற்றுவோர் யார், வெப்பநிலை பார்ப்போர் யார் என்பதைப் பெயர் குறித்து எழுதி வைத்தல் வேண்டும். அவ்வாறு பொறுப்பேற்பவர் எவரும் இல்லையெனின், கோடையிற் குளிர்நீர் அளிக்க இயலாத அப்பள்ளி ஆக்சலாட்டலை வாங்காதிருப்பதே முறை. மெக்சிகோவின் கால்வாய்களில் இவ்வுயிரை அழிவின் விளிம்பிற்குத் தள்ளியவற்றுள் மாசடைந்த நீரும் ஒன்று. அதே நீரில் நம் தொட்டியிலும் அதனை வைத்துவிட்டுப் பின்னர் மருந்து தேடுவதைக் காட்டிலும், நாள்தோறும் சிறிதளவு உழைத்து நீரைத் தூயதாகவும் குளிர்ச்சியாகவும் வைத்திருப்பது எளிது, அதுவே பயனுடையது.