மகசின்: கடல் கடந்து போன ஓர் அறபுச் சொல்

உங்கள் கையிலிருக்கும் இந்த ஏட்டை நாம் சஞ்சிகை என்கிறோம். பிள்ளைகள் மகசின் என்பார்கள். அது ஆங்கிலச் சொல் என்று பள்ளியில் படித்திருப்பார்கள். உண்மையில் அது நம் மத்ரஸாவின் முதல் வருடத்து மாணவனுக்கே விளங்கக்கூடிய அறபுச் சொல்.

'கஸன' என்றால் சேமித்து வைத்தான் என்று பொருள். அறபியில் ஒரு வினைக்கு முன்னால் 'ம' சேர்த்தால் அந்தக் காரியம் நடக்கும் இடத்தைக் குறிக்கும். ஸுஜூது செய்யும் இடம் மஸ்ஜித், எழுதப் பழகும் இடம் மக்தப். அவ்வாறே சேமிக்கும் இடம் மக்ஸன், பன்மையில் மகாஸின். அறபு வணிகரிடமிருந்து இத்தாலியர் அதை எடுத்தார்கள், அவர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரர். பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது ஆங்கிலத்துக்கு வந்தது. அப்போதும் அதன் பொருள் கிடங்குதான். 1731இல் லண்டனில் எட்வர்ட் கேவ் என்பவர் தமது மாத ஏட்டுக்கு இப்பெயரை வைத்தார். பல செய்திகளைச் சேர்த்து வைத்த களஞ்சியம் என்பது அவர் கருத்து. நம் வீடுகளில் புழங்கும் 'கஜானா'வும் இதே வேரில் முளைத்ததே.

அருள்மறையில் இவ்வேர்ச்சொல் பல இடங்களில் வருகின்றது. சிறையிலிருந்து வெளியே வந்த யூஸுப் (அலை) அவர்கள் மிஸ்ரு மன்னனிடம் பூமியின் 'கஸாயின்'களுக்கு, அதாவது களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாக்கும்படி கேட்டார்கள். அதற்கு அவர்கள் காட்டிய தகுதிகள் இரண்டு: பேணிக் காப்பவர், விபரம் அறிந்தவர். ஏழு வருடப் பஞ்சத்தில் மக்கள் பிழைத்தது அந்தக் களஞ்சியத்தால்தான். அரிசிப் பானையும் சில்லறைக் காசும் பெண்கள் பொறுப்பில் இருக்கும் வீடுகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இச்சொல்லைப் பேசிய வணிகர்கள் நம் வடபுலத் தீவுகளுக்கும் அந்நியரல்லர். நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு. முதலாம் பராக்கிரமபாகு மன்னனுடையது (1153–1186). பேராசிரியர் கா. இந்திரபாலா அதை ஆராய்ந்து வெளியிட்டார். பரதேசிகள் முதலில் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது அது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. யானையும் குதிரையும் கொண்டு வரும் மரக்கலம் கெட்டால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு; மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்குக் கொண்டு வந்த மரக்கலமானால் பாதிக்குப் பாதி.

பண்டாரம் என்பது அரசனின் மக்ஸன். இந்துமா கடலில் குதிரை வணிகம் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர் கையில் இருந்த காலம் அது. கப்பலை இழந்து, நனைந்த உடையோடு கரையேறியவனுக்கு மொழி தெரியாது, உறவு கிடையாது. அவனிடம் மிஞ்சியதில் எவ்வளவை அரசு தொடலாம் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். முழுவதையும் விடவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆனால் 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் கொடுத்தது இரண்டு மணி நேரம். கடையும் வீடும் நகையும் தையல் இயந்திரமும் விட்டு வந்தவர்களுக்கு அந்த மூன்று பங்கின் மதிப்பு தெரியும். அவர்கள் பரதேசிகளும் அல்லர். அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள்.

சொல்லும் நல்ல வேலை மட்டும் பார்க்கவில்லை. வெடிமருந்து வைக்கும் அறைக்கும் மகசின் என்று பெயரிட்டார்கள். பின்பு அது துப்பாக்கியின் ரவைக்கூட்டுக்கும் போயிற்று. கொழும்பிலே மகசின் சிறைச்சாலை இருக்கிறது. மகனை அங்கே பார்க்கப் போன தாய்மாருக்கு அச்சொல் சஞ்சிகையை நினைவூட்டாது. கிடங்குகளும் கோட்டைகளும் சிறையாவது நம் நாட்டில் புதிதல்ல. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலில் நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டையிலும் 1971 கிளர்ச்சியின் பின் கைதிகளை அடைத்தார்கள். இப்போது அங்கே கடற்படை உல்லாச விடுதி நடத்துகிறது.

ஸூரத்துஸ் ஸுமரில் நரகத்தின் காவலர்களுக்கும் சுவர்க்கத்தின் காவலர்களுக்கும் 'கஸனத்' என்ற ஒரே பெயர்தான் வருகின்றது. முந்தியவர்கள் உங்களிடம் தூதர்கள் வரவில்லையா என்று கேட்பார்கள். பிந்தியவர்கள் ஸலாம் சொல்லி வரவேற்பார்கள்.

தீவுப்பகுதி மக்கள் ஏராளமானோர் இன்று பிரான்சில் வாழ்கிறார்கள். அங்கே இச்சொல் வெடிமருந்தையும் சிறையையும் விட்டுப் பழைய வணிகத்துக்கே திரும்பியிருக்கிறது. பாரிஸிலிருந்து பேசும் பிள்ளை 'மகஸானுக்குப் போகிறேன்' என்றால், பாலும் பாணும் வாங்கக் கடைக்குப் போகிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள்.