லேப்டாப்பில் ரேமை ஏன் சால்டர் செய்கிறார்கள்?

மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமைக் கழற்ற முடியாது. மதர்போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள். ஏன்? காசு பிடுங்க மட்டுமல்ல. ஸ்லாட் வைத்தால் தடிமன் கூடும். எல்பிடிடிஆர் வகை ரேம் குறைந்த மின்னழுத்தத்தில் வேகமாக ஓட, அதற்கும் பிராசஸருக்கும் இடையே உள்ள மின்தடம் குட்டையாக இருக்க வேண்டும். வழக்கமான ஸ்லாட்டின் நீண்ட பாதையிலும் இணைப்பு முனைகளிலும் சிக்னல் சிதையும். சால்டர் செய்த எல்பிடிடிஆரால் பேட்டரி கூடுதல் நேரம் தாங்குகிறது, உண்மைதான். ஆனால் 8 ஜிபி போதாமல் போகும் நாளில் மொத்த போர்டையும் அல்லவா மாற்ற வேண்டும்!

இதற்கு நேர்மாறானது 2018இல் வந்த திங்க்பேட் டி480. இரண்டு ரேம் ஸ்லாட், மாற்றக்கூடிய எஸ்எஸ்டி, மூடியைத் திறக்காமலே கழற்றும் பின்பக்க பேட்டரி. கனம்தான், அழகும் சுமார்தான். ஆனாலும் 8ஆம் தலைமுறை இன்டெல் சிப் உள்ளதை வாங்கினால் விண்டோஸ் 11 ஓடும். அலுவலகங்கள் கழித்துவிட்டவை செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன.

புதிதோ பழையதோ, வாங்குமுன் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைத் தேடிப் படியுங்கள். ரேம் மாற்றும் முறை அதில் இல்லையென்றால், இப்போதே இரு மடங்கு ரேமோடு வாங்குங்கள், அல்லது வேறு மாடல் பாருங்கள்.