அடுப்பு வாங்கப் போகிறீர்களா? கரண்டு பில்லையும் காந்தத்தையும் கொண்டு போங்கள்!

சங்கரன்கோவில்:

"அண்ணாச்சி, எந்த அடுப்பை எடுக்க?"

சங்கரன்கோவில் கடைவீதியில் பாத்திரக்கடை, வீட்டு உபயோகப் பொருள் கடை எதில் ஏறினாலும் காதில் விழும் கேள்வி இது. கல்யாணச் சீர் வாங்க வருகிறவர்கள் கேட்கிறார்கள். புது வீடு கட்டுகிறவர்கள் கேட்கிறார்கள். சிலிண்டர் விலையை நினைத்து வயிறு எரிகிறவர்களும் கேட்கிறார்கள்.

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. மண் அடுப்பு ஒன்றுதான். இன்றைக்குக் கடைக்குள் போனால் தலை சுற்றும். இரண்டு பர்னர், மூன்று பர்னர், நாலு பர்னர். எவர்சில்வர் மேல்தட்டு, கண்ணாடி மேல்தட்டு. கருங்கல் மேடையைத் துளைத்துப் பதிக்கும் 'ஹாப்'. கரண்டில் ஓடும் இண்டக்சன். சிவப்பு நிற விளக்குப்போல் எரியும் இன்ஃப்ராரெட். போதாக்குறைக்கு மைக்ரோவேவ் ஓவன் வேறு!

பளபளப்பைப் பார்த்து வாங்கிவிட்டு, அப்புறம் பரணில் போடுகிறவர்கள் ஏராளம். கடையில் கொடுக்கும் பணம் ஒரு தடவையோடு சரி. மாதா மாதம் கொடுக்கும் பணம்தான் அடுப்பின் உண்மையான விலை. அசந்தால் கொடுக்கவேண்டிய விலை அதைவிடப் பெரியது. அது உயிர்!

புகை தின்ற காலம்

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் விறகு அடுப்பு அணையவில்லை. சீமைக்கருவேல முள்ளு காசில்லாமல் கிடைக்கிறது. வெந்நீர் போட, நெல் அவிக்க அதுதான்.

ஆனால், விறகு இலவசம் என்றாலும் புகை இலவசம் இல்லை. வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் 2020-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அடுப்படியில் அதிக நேரம் இருக்கும் பெண்களும், அவர்கள் இடுப்பில் இருக்கும் குழந்தைகளும்தான் புகையில் அதிகம் சிக்குகிறவர்கள்.

1980-களில் மத்திய அரசு 'புகையில்லா அடுப்பு' திட்டம் கொண்டு வந்தது. குழாய் வைத்துப் புகையைக் கூரைக்கு மேலே அனுப்பும் அடுப்பு அது. குழாயில் கரி அடைத்தது. சுத்தம் செய்ய ஆள் இல்லை. பல வீடுகளில் பழைய மூன்று கல்லே திரும்பி வந்தது.

விறகு எரித்தே ஆகவேண்டும் என்றால் வீட்டுக்கு வெளியே, தாழ்வாரத்தில் எரிக்கலாம். மூடிய அறைக்குள் வேண்டவே வேண்டாம்.

'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி'

1970-களிலும் 80-களிலும் மாலைப் பத்திரிகை படித்தவர்களுக்கு இந்தத் தலைப்பு மறந்திருக்காது.

காற்றடிக்கும் 'பம்ப்' ஸ்டவ் 1892-ல் சுவீடன் நாட்டில் பிறந்தது. அழுத்தத்தில் மண்எண்ணெய் ஆவியாகி நீல நிறத்தில் எரியும். முனையில் அடைப்பு இருந்தாலோ, எரியும்போதே எண்ணெய் ஊற்றினாலோ, கலப்பட எண்ணெய் போட்டாலோ ஆபத்து. நைலான் சேலையில் தீ பிடித்தால் துணி உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

ஆனால், எல்லா ஸ்டவ்வும் தானாக வெடிக்கவில்லை. கல்யாணமாகிக் கொஞ்ச காலமே ஆன மருமகள் சமைக்கும்போது மட்டும் ஸ்டவ் வெடிக்கிறதே, மாமியார் சமைக்கும்போது ஏன் வெடிப்பதில்லை என்று ஊரே கேட்டது. வரதட்சணைக் கொலையை மூடி மறைக்க 'ஸ்டவ் வெடித்தது' என்பது வசதியான வார்த்தையாகிவிட்டது.

1983-ல் கணவன் வீட்டார் கொடுமைக்குத் தனிச் சட்டப்பிரிவு வந்தது. 1986-ல் 'வரதட்சணை மரணம்' என்ற பிரிவும் சேர்ந்தது. கல்யாணமாகி 7 ஆண்டுக்குள் பெண் தீக்காயத்தால் இறந்து, அதற்கு முன்பு வரதட்சணை கேட்டுக் கொடுமைப்படுத்தியதும் தெரியவந்தால், "நாங்கள் செய்யவில்லை" என்று கணவன் வீட்டார்தான் நிரூபிக்கவேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்திலும் அந்தப் பிரிவு இருக்கிறது. 7 ஆண்டுக்குள் நடக்கும் இத்தகைய சாவுகளில் ஆர்.டி.ஓ. விசாரணை நடப்பதும் இதனால்தான்.

பம்ப் ஸ்டவ் இன்று அரும்பொருள் ஆகிவிட்டது. பரணில் கிடந்தால் அங்கேயே கிடக்கட்டும்.

கியாஸ் வந்த கதை

இண்டேன் கியாஸ் 1965-ல் கல்கத்தாவில் தொடங்கியது. வெகு காலம் அது வசதிக்காரர் வீட்டுச் சாமான். மனு போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு.

2007-ல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்குக் கியாஸ் இணைப்பும் அடுப்பும் இலவசமாகக் கொடுத்தது. 2016 மே மாதம் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டிலும் சிலிண்டர் ஏறியது.

அடுப்பு இலவசமாக வந்தது. சிலிண்டரை நிரப்புவது இலவசம் இல்லையே! 2023 ஆகஸ்டில் சிலிண்டருக்கு 200 ரூபாயும், 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைத்தார்கள். 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏற்றினார்கள். இந்த ஏற்ற இறக்கம்தான் பலரைக் கரண்டு அடுப்புப் பக்கம் திருப்பிவிட்டது.

எவர்சில்வரா, கண்ணாடியா?

கியாஸ் அடுப்புதான் என்று முடிவு செய்தவர்கள் முதலில் பார்க்கவேண்டியது ஐ.எஸ்.ஐ. முத்திரை. எரியும் வெப்பத்தில் 100-க்கு 68 பங்காவது பாத்திரத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்பது அந்த முத்திரைக்கான விதி. முத்திரை இல்லாத அடுப்பில் மிச்சம் பிடிக்கும் 200, 300 ரூபாயை, சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்தே தின்றுவிடும்.

எவர்சில்வர் தட்டு அழகில் கொஞ்சம் மட்டம். ஆனால், அடி தாங்கும். ஆடித்தபசுக்கு வீடு நிறைய உறவினர் வந்து, பெரிய அண்டாவைத் தூக்கி வைத்தாலும் கவலை இல்லை.

கண்ணாடித் தட்டு துடைக்க எளிது. ஆனால், சூடாக இருக்கும்போது ஈரத்துணி போட்டாலோ, கனமான பாத்திரம் 'டம்' என்று விழுந்தாலோ சிதறக்கூடும். கெட்டிக் கண்ணாடி என்று எழுதியிருப்பதால் உடையாது என்று அர்த்தம் இல்லை.

மேடையில் பதிக்கும் ஹாப் சொந்த வீட்டுக்காரர்களுக்கே ஏற்றது. வாடகை வீட்டில் கல்லை வெட்டினால் வீட்டுக்காரரோடு சண்டைதான். அளவு ஒரு அங்குலம் மாறினாலும் அடுத்த ஹாப் அந்த ஓட்டையில் உட்காராது. அடியில் காற்றோட்டம் இல்லை என்றால் தீ மஞ்சளாக எரியும். பாத்திரம் கரிப்பிடிக்கும். கியாஸ் வீணாகும்.

எத்தனை பர்னர்? நாலு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டே போதும். நாலு பர்னரை நெருக்கி வைத்தால், இரண்டு பெரிய பாத்திரம் வைத்ததுமே மற்ற இரண்டும் மூடிக்கொள்ளும்.

காந்தம் எதற்கு?

இண்டக்சன் அடுப்பில் தீ கிடையாது. உள்ளே இருக்கும் செம்புக்கம்பிச் சுருள் காந்த அலையை உண்டாக்குகிறது. அந்த அலை பாத்திரத்தின் அடியையே சூடாக்குகிறது. அதனால் வெப்பம் வெளியே வீணாவது குறைவு.

ஆனால், பாத்திரத்தில் காந்தம் ஒட்டவேண்டும். அலுமினியச் சட்டியும், பித்தளை உருளியும், செம்பும், மீன் குழம்பு வைக்கும் மண்சட்டியும் இதில் சூடாகாது. எவர்சில்வரிலும் எல்லாம் ஒட்டாது. வீட்டில் ஒரு காந்தத்துண்டை எடுத்து ஒவ்வொரு பாத்திரமாக அடியில் வைத்துப் பாருங்கள். பத்தில் இரண்டுதான் ஒட்டுகிறது என்றால், அடுப்பு விலையோடு பாத்திர விலையையும் கூட்டிக்கொள்ளவேண்டும்.

இன்ஃப்ராரெட் அடுப்பு எல்லாப் பாத்திரத்தையும் ஏற்கும். அணைத்த பிறகும் கண்ணாடி வெகுநேரம் சுடும். குழந்தைகள் உள்ள வீட்டில் கவனம் தேவை. கம்பிச்சுருள் வெளியே தெரியும் பழைய ஹீட்டர் அடுப்பு ஷாக் அடிக்கும் சாமான். அதை வாங்கவே வேண்டாம்.

இதோ கணக்கு!

ஒரு வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கியாஸ் இருக்கிறது. அத்தனையையும் எரித்தால் வரும் வெப்பம், கரண்டுக் கணக்கில் சுமார் 180 யூனிட். அதில் பாத்திரத்துக்குப் போவது சுமார் 120. அதே வேலையை இண்டக்சனில் செய்ய ஏறக்குறைய 140 யூனிட் ஆகும்.

ஆக, ஒரு சிலிண்டருக்கு 140 யூனிட். இதை மனதில் வைத்துக்கொண்டு கரண்டு பில்லை எடுங்கள்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட் வரை ஒரு விலைப்பட்டியல், 500-ஐத் தாண்டினால் வேறு விலைப்பட்டியல். தாண்டியவருக்குக் கீழ்ப்படியில் கிடைத்த மலிவு விலையும் போய்விடும்.

40 நாளுக்கு ஒரு சிலிண்டர் தீரும் வீட்டை எடுத்துக்கொள்வோம். 2 மாதத்துக்கு ஒன்றரை சிலிண்டர். அதாவது 210 யூனிட்.

இப்போது 120 யூனிட் ஓடும் வீடு என்றால் 330 ஆகும். பயம் இல்லை. இப்போதே 320 யூனிட் ஓடுகிறது என்றால் 530 ஆகிவிடும். கியாசில் மிச்சம் பிடித்ததைக் கரண்டு பில் பிடுங்கிக்கொள்ளும்!

இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வழி உண்டு. டீ, பால், குழந்தைக்குக் கஞ்சி போன்ற சில்லறைச் சமையல் இண்டக்சனில். சோறு, குழம்பு கியாசில். கரண்டு போனாலும் அடுப்பு அணையாது. சிலிண்டர் வரத் தாமதமானாலும் பட்டினி கிடையாது.

தறிக்காரர்கள் கவனிக்க

சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். தறியும் வீடும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடங்கள் உண்டு. விசைத்தறிக்கு 2 மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் என்று 2023-ல் உயர்த்தப்பட்டது. "அந்த லைனில் அடுப்பை மாட்டினால் என்ன?" என்று ஆசை வரும்.

கூடாது. ஒரு வேலைக்குக் கொடுத்த மின்சாரத்தை வேறு வேலைக்கு எடுப்பது முறைகேடு. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி அபராதக் கட்டணம் வரும். பஞ்சுத்தூசி பறக்கும் இடத்தில் எந்த அடுப்பும் வேண்டாம் என்பது அதைவிட முக்கியம்.

இண்டக்சன் அடுப்பு 1,500 முதல் 2,000 வாட் வரை இழுக்கும். இதற்கு 16 ஆம்ப் பிளக்கும், கனமான ஒயரும், எர்த்தும் வேண்டும். பழைய வீட்டில் விளக்குக்குப் போட்ட ஒயரில் மாட்டினால் சுவருக்குள் ஒயர் கருகும். அடுப்பு வாங்கும் முன்பு எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

ஓவன் தேவையா?

மைக்ரோவேவ் ஓவன் உணவில் உள்ள தண்ணீரைச் சூடாக்கும். நேற்று வைத்த சாதத்தைச் சூடு பண்ண நல்லது. தோசை, வறுவலுக்கு உதவாது. உள்ளே எவர்சில்வர் டம்ளரை வைத்தால் பொறி பறக்கும். கேக், ரொட்டி சுட்டு விற்கும் எண்ணம் உள்ள பெண்களுக்குக் கம்பிச்சுருள் சூட்டில் ஓடும் 'ஓ.டி.ஜி.' ஓவன் ஏற்றது. இரண்டும் அடுப்புக்கு மாற்று இல்லை. துணைதான்.

டீக்கடை, ஓட்டல்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கடைக்கு 19 கிலோ வணிக சிலிண்டர்தான். வீட்டு சிலிண்டரைக் கடையில் வைத்தால் பறிமுதல் நிச்சயம்.

கியாஸ் வாடை வந்தால்...

கியாசுக்குச் சொந்த வாடை இல்லை. கசிந்தால் தெரியவேண்டும் என்றே நாற்றப்பொருள் சேர்க்கிறார்கள். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையில் தேங்கும்.

சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கதவு, ஜன்னலைத் திறக்கவேண்டும். ரெகுலேட்டரை மூடவேண்டும். எல்லோரும் வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யவேண்டும்.

ரப்பர் குழாயை 5 ஆண்டுக்கு ஒரு முறை மாற்றவேண்டும். சிலிண்டர் கழுத்துப் பட்டையில் ஏ, பி, சி, டி என்ற எழுத்தும் ஆண்டும் இருக்கும். 'ஏ' என்றால் மார்ச், 'பி' ஜூன், 'சி' செப்டம்பர், 'டி' டிசம்பர். அந்த மாதத்துக்குப் பிறகு அந்த சிலிண்டர் மறுபரிசோதனைக்குப் போகவேண்டும். கெடு முடிந்த சிலிண்டர் வந்தால் வாங்காதீர்கள். திருப்பி அனுப்புங்கள்.

விபத்து நடந்தால் எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் காப்பீடு உண்டு. வாடிக்கையாளர் தனியாகப் பணம் கட்டவேண்டியதில்லை. உடனே ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும்.

கடைக்குப் போகும்போது மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனால் ஏமாற்றம் வராது. ஒன்று, கரண்டு பில். இரண்டு, காந்தத்துண்டு. மூன்றாவது, தினமும் அந்த அடுப்பின் முன்னால் நிற்கப் போகிறவர். பல வீடுகளில் முதல் இரண்டை எடுத்துக்கொண்டு, மூன்றாவது ஆளைத்தான் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள்!