புது போனுக்கு முதல் விசில்

புதுக் குக்கர் வந்தால் நம் வீடுகளில் எடுத்த எடுப்பில் பருப்பைப் போடமாட்டார்கள். வெறும் தண்ணீரை ஊற்றி, மூடி, வெயிட்டைப் போட்டு இரண்டு விசில் வரவிடுவார்கள். மூடியின் ஓரத்தில் ஆவி சீறினால் ரப்பர் சரியில்லை என்று அப்போதுதான் தெரியும். அழுத்தம் ஏறாதவரை நல்ல ரப்பரும் கசியும் ரப்பரும் பார்வைக்கு ஒன்றுதான். நூறு டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் குக்கருக்குள் 120 டிகிரி வரை போகும். அந்தச் சூட்டில்தான் குறை வெளியே வரும்.

புது ஸ்மார்ட்போனையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும். நாமோ நேர்மாறாகச் செய்கிறோம். பவுச் போட்டு, டெம்பர்ட் கிளாஸ் ஒட்டி, முதல் வாரம் முழுக்க அதை நோகாமல் வைத்திருக்கிறோம். ஆன்லைனில் வாங்கும் போன்கள் பலவற்றுக்கு மாற்றித்தரும் அவகாசமே 7 நாள்தான். அது தாண்டினால் புதுப் போன் கிடைப்பது கடினம்; சர்வீஸ் சென்டரில் பழுதுதான் பார்த்துத் தருவார்கள்.

போனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டில் ஆயிரக்கணக்கான சால்டரிங் இணைப்புகள் உண்டு. அவற்றில் ஒன்று ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தால்கூட, குளிர்ந்திருக்கும்போது மின்சாரம் தடையின்றிப் போகும். சூடேறும்போது உலோகமும் போர்டும் வெவ்வேறு அளவில் விரிகின்றன. அப்போது அந்த இணைப்பு விட்டுப்போகிறது. எலெக்ட்ரானிக் பொருள்களில் தயாரிப்புக் குறைகள் ஆரம்ப நாள்களிலேயே அதிகம் தலைகாட்டுவதற்கு இது ஒரு காரணம்.

ஆகவே போனுக்கும் கொஞ்சம் அழுத்தம் கொடுங்கள். வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, மொபைல் டேட்டாவில் ஹாட்ஸ்பாட் போட்டு, அரை மணி நேரம் 4கே வீடியோ எடுங்கள். பிறகு சார்ஜில் போட்டுப் பாருங்கள். போன் சுடும், அதில் தப்பில்லை. வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொண்டாலோ, எச்சரித்துவிட்டு கேமராவை மூடினாலோ பயப்பட வேண்டாம். குக்கரின் சேஃப்டி வால்வு செய்யும் வேலைதான் அது. ஆனால் தானாக ரீஸ்டார்ட் ஆவது, திரையில் கோடு விழுவது, சார்ஜ் 40 சதவீதத்திலிருந்து சட்டென்று 25-க்கு இறங்குவது ஆகியவை குறைகள். ஆனால் வெயிலில் வைத்துச் சோதிக்காதீர்கள்.

திரையை, டெம்பர்ட் கிளாஸ் ஒட்டுவதற்கு முன்பே பாருங்கள். இருட்டு அறையில் முழு வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலப் படங்களை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. அதற்கு மின்சாரம் தரும் குட்டி டிரான்சிஸ்டர் செத்திருந்தால் வெள்ளையில் கறுப்புப் புள்ளி தெரியும். எல்சிடி என்றால் கறுப்புப் படத்தின் ஓரங்களில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். சாம்பல் நிறப் படத்தை மிகக் குறைந்த வெளிச்சத்தில் வைத்தால், திரையின் ஒரு பாதி மட்டும் பச்சை அல்லது ரோஸ் அடிப்பது தெரிந்துவிடும். ஒரு ஆப் ஐகானை அழுத்திப் பிடித்தபடி திரை முழுக்க மெதுவாக இழுங்கள். ஓரிடத்தில் திரும்பத் திரும்ப அது கைவிட்டுப் போனால், அங்கே தொடுதல் வேலை செய்யவில்லை.

பலரும் கோட்டை விடுவது மைக்கில்தான். ஒரு போன் செய்து பேசிவிட்டு, கேட்கிறது என்று திருப்தியடைந்துவிடுகிறோம். ஆனால் பெரும்பாலான போன்களில் இரண்டு மூன்று மைக்குகள் இருக்கும். காதில் வைத்துப் பேசும்போது கீழே இருப்பது முக்கியம். ஸ்பீக்கரிலும் வீடியோவிலும் மற்றவையும் வேலை செய்யும். எனவே சாதாரண அழைப்பு, ஸ்பீக்கர் அழைப்பு, வாய்ஸ் ரெக்கார்டர், முன் பின் கேமரா வீடியோ என எல்லாவற்றிலும் குரலைப் பதிந்து கேளுங்கள். காதருகே கொண்டுபோனதும் திரை அணைகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இரண்டு சிம், வைஃபை, ஜிபிஎஸ், கைரேகை, வெள்ளைச் சுவரில் ஒவ்வொரு கேமராவும்: இதையெல்லாம் சோதிப்பது பத்து நிமிட வேலை. *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண் பெட்டியிலும் பில்லிலும் உள்ளதோடு பொருந்த வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலும் அதைச் சரிபார்க்கலாம்.

இவ்வளவும் முடியும்வரை வங்கி ஆப்களைப் புதுப் போனுக்கு மாற்றாமல் இருப்பது நல்லது. குறை தெரிந்தால், அது நிகழும்போதே வேறு போனில் வீடியோ எடுங்கள். கெடு முடிவதற்குள் புகாரை எழுத்தில் பதிந்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போனை ஒப்படைக்கும் முன் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு, அதன் பிறகே ரீசெட் செய்யுங்கள். இல்லாவிட்டால் ரீசெட் ஆன பிறகும் அது உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளக்கூடும். திரும்ப எடுக்க வந்தவர் வெறுங்கையோடு போய்விடக்கூடும்.