வெள்ளியங்கிரி இறங்கியாச்சு, இனி என்ன சாப்பிடறது?

வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி இறங்கின அன்னிக்கு ராத்திரி பெருசா வலி தெரியாது. அடிச்சுப்போட்ட மாதிரி தூக்கம் வரும், அவ்வளவுதான். மறுநாள் காலையில கட்டிலை விட்டு எழுந்திரிக்கும்போதுதான் தொடை பிடிக்க ஆரம்பிக்கும். அதுக்கு அடுத்த நாள் இன்னும் மோசம். மாடிப்படியில கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு நண்டு மாதிரி பக்கவாட்டுல இறங்குவோம்.

உடனே யாராவது ஒருத்தர், "லாக்டிக் ஆசிட் தங்கிடுச்சுப்பா"ன்னு சொல்வார். அதெல்லாம் மலை இறங்கி ஒண்ணு ரெண்டு மணி நேரத்துலயே ரத்தத்துல இருந்து போயிடும். வலிக்குக் காரணம் ஏத்தம்கூட இல்லை, இறக்கம். ஏறும்போது தொடைத்தசை சுருங்கி உடம்பைத் தூக்குது. இறங்கும்போது அதே தசை நீண்டுக்கிட்டே பிரேக் போடுது. படிக்குப் படி இப்படிப் போட்டுப் போட்டு, தசை நார்கள்ல கண்ணுக்குத் தெரியாத சேதம் விழுது. மூங்கில் கம்பை ஏறுறப்ப ஊன்றிட்டு, இறங்குறப்ப தோள்ல சாத்திக்கிட்டு வர்றவங்களைப் பார்த்திருப்பீங்க. கம்பு அதிகமா வேண்டியதே இறங்குறப்பதான்!

சாப்பாட்டால அந்த வலி மறுநாளே பறந்துடாது. ஆனா ரிப்பேர் வேலைக்குச் சாமான் சாப்பாட்டுல இருந்துதான் வரணும்.

முதல்ல தண்ணியும் உப்பும். சட்டை முதுகுல வெள்ளை வெள்ளையா உப்பு பூத்திருக்கும் பாருங்க, அது உங்க உடம்புல இருந்து போனது. அடிவாரத்துல உப்புப் போட்ட நீர்மோர் கிடைச்சா விடாதீங்க. எடை ஒரு கிலோ குறைஞ்சிருந்தா, சுமார் ஒன்றரை லிட்டர் கொஞ்சம் கொஞ்சமா உள்ளே போகணும். ஒரே மூச்சுல வேண்டாம்.

அடுத்து மாவுச்சத்து. தசையில தீர்ந்துபோன கிளைகோஜன் திரும்ப நிரம்ப சுமார் ஒரு நாள் ஆகும். சோறு, இட்லி, வாழைப்பழம், எதுவும் சரி. இதுல நம்ம ஊர்ல யாரும் குறை வைக்கிறதில்லை. அரை மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டாகணும்ங்கிற பதற்றமும் வேண்டாம். மறுநாளே இன்னொரு மலை ஏறப் போறவங்களுக்குத்தான் அந்த அவசரம்.

நாம கோட்டை விடுறது புரதத்துல. 60 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு வேளைக்கு சுமார் 20 கிராம் வேணும். நாலு இட்லி, சட்னி சாப்பிட்டா கிடைக்கிறது எட்டு கிராம் சொச்சம்தான். கூட ரெண்டு முட்டை வச்சா கணக்கு சரியாயிடும். முட்டை தொடாதவங்க ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை சுண்டல் எடுத்துக்கலாம். மதியம் ரசஞ்சோறு, ஊறுகாயோட முடிக்காம, கெட்டியா பருப்பு, ஒரு கப் தயிர், மீன் இருந்தா மீன். சாயங்காலம் ஒரு கை வேர்க்கடலை. இதுக்குன்னு புரோட்டீன் பவுடர் டப்பா வாங்கணும்னு இல்லை. சிறுநீரகப் பிரச்சனை உள்ளவங்க மட்டும் டாக்டரைக் கேட்டுக்குங்க.

இறங்கின அன்னிக்கு பிரியாணி வெட்டிட்டு மறுநாள் டீயும் பன்னும்னு ஓட்டுறதுதான் வழக்கம். ஆனா தசையில ரிப்பேர் வேலை ஒண்ணு ரெண்டு நாளைக்கு மும்முரமா நடக்கும். அதனால அந்த ரெண்டு நாளும் மூணு வேளையும் புரதம் இருக்கட்டும்.

தண்ணி வத்தின உடம்போட வலி மாத்திரை போடாதீங்க, சிறுநீரகத்துக்கு ஆகாது. சிறுநீர் கோலா நிறத்துல போனாலோ, தொடை வீங்கி கல்லா இறுகினாலோ, அது சாப்பிட்டுச் சரிபண்ற விஷயம் இல்லை. அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.