பாத்திரத் துணியை நாமே பின்னலாம்

சபாக்கில் தென்னைக்குப் பஞ்சமில்லை. பாத்திரம் தேய்க்க நம் பாட்டிமார் தேங்காய் நாரும் சாம்பலும்தான் எடுத்தார்கள். நார் இன்றும் நல்லதுதான். ஆனால் கண்ணாடிக் குவளையைத் துடைக்க உதவாதே! அதற்குப் பருத்தி நூலில் பின்னிய துணி போதும். புறப்பாட வேளையில் மாணவர்களோடு செய்து பாருங்கள், ஆசிரியர்களே.

பருத்தி நூல் உருண்டை ஒன்று, 5 மில்லிமீட்டர் கொக்கி ஊசி வேண்டும். (‘குரோஷே’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கே சின்னக் கொக்கி என்றுதான் பொருள்.) பளபளன்னு இருக்கேன்னு அக்ரிலிக் நூலை வாங்கிடாதீங்க. அது பிளாஸ்டிக், தண்ணீரைச் சரியா உறிஞ்சாது, சூடான சட்டியில் பட்டால் உருகும்.

முதலில் 26 சங்கிலிக் கண்ணி போடுங்கள். கொக்கியிலிருந்து இரண்டாவது கண்ணிக்குள் ஊசியை விட்டு நூலை இழுத்தால், ஊசியில் இரண்டு வளையம் இருக்கும். மறுபடி நூலைச் சுற்றி, இரண்டின் வழியாகவும் இழுங்கள். இப்படியே போனால் வரிசைக்கு 25 பின்னல். ஒரு சங்கிலி போட்டுத் திருப்பி, மீண்டும் 25. சதுரமாகும் வரை இதேதான்.

இங்கேதான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். கடைசிக் கண்ணி ஓரத்தில் ஒளிந்துகொள்ளும். அதை விட்டால் அடுத்த வரிசை 24, அப்புறம் 23. நான் பின்னிய முதல் துணி முக்கோணமாகத்தான் வந்தது! வரிசையின் முதல் பின்னலில் ஓர் ஊக்கைக் குத்திவிடுங்கள். திரும்பி வரும்போது அதுதான் கடைசி. வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். குறைந்தால் திட்ட வேண்டாம். இழுத்தால் பிரிந்துவிடும், ஒரு முழம் நூலும் வீணாகாது.

முடிந்ததும் 10 சென்டிமீட்டர் விட்டு நூலை வெட்டி, கடைசி வளையத்துக்குள் இழுத்து இறுக்குங்கள். மிச்ச நுனியைத் தடித்த ஊசியால் பின்னலுக்குள் நுழைத்துவிடலாம். துணியில் வாடை வந்தால் கொதிநீரில் சில நிமிடம் போட்டு வெயிலில் காயப்போடுங்க. சிவப்பு நூல் சாயம் விடலாம். அதை மட்டும் தனியாக.