பழைய பெட்டிக்குள் தட்டைத் திரை

மண்டைதீவில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், பழுதான லெப்டொப்களை பழைய இரும்புக்காரரிடம் போடலாமா என்று கேட்டார். அவசரப்படாதீர்கள் என்றேன். மதர்போர்ட் எரிந்தாலும் திரை பல வேளை நல்லதாகவே இருக்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டபோது, உதிரிப்பாகத்தின் அருமை நம் எல்லோருக்கும் புரிந்தது.

வெளிநாடுகளில் 1980களின் மெக்கின்டோஷ் பெட்டியிலிருந்து 9 அங்குலப் படக்குழாயைக் கழற்றிவிட்டு, ஐபேட்டின் 9.7 அங்குலத் திரையைப் பொருத்துகிறார்கள். பழைய கம்பியூட்டர் பெட்டி கடை மேசையில் மீண்டும் வேலை செய்கிறது.

செய்ய விரும்புவோர் கவனிக்க: திரையின் பின்புறம் ஒட்டியுள்ள மாதிரி இலக்கத்துக்குப் பொருந்தும் கட்டுப்பாட்டு போர்டையே வாங்குங்கள். மின்னழுத்தம் மாறினால் திரை போய்விடும். பின்னொளி பழைய குழல்விளக்கு வகை என்றால் இன்வெர்ட்டரும் தேவை. படக்குழாயில் மின்சாரத்தை நிறுத்திய பின்னும் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்; பழகிய மெக்கானிக்கே கழற்றட்டும். தீவுப் பக்கம் உப்புக்காற்று. இணைப்புகளைத் துடைத்த பிறகே பொருத்துங்கள்.

போர்ட், வயர், கூலி மூன்றையும் கூட்டிப் பாருங்கள். புதிய மொனிட்டரின் பாதி விலையைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். விற்பதானால் 'பாவித்த திரை' என்று பில்லில் எழுதிக் கொடுங்கள். சிறிய ஊரில் ஒரு வாடிக்கையாளர் மனம் முறிந்தால், அவரோடு பத்துப்பேர் போய்விடுவார்கள்.